பிடுங்கினால் உடனே, காப்பாற்றினால் அடுத்த வருஷம்: ஒரு பல் காப்பீட்டு பாலிசியைப் படித்த குறிப்புகள்

நாவலுக்கு விமர்சனம் எழுதுகிறோம், படத்துக்கு எழுதுகிறோம், புதுசா வர்ற போனுக்குக்கூட பக்கம் பக்கமா எழுதுகிறோம். இன்சூரன்ஸ் பாலிசிக்கு யாரும் எழுதுவதில்லை. அது படிக்கிற பொருளே இல்லை, கையெழுத்துப் போடுகிற பொருள் என்று ஒரு எண்ணம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அம்மாவின் ஒரு கடைவாய்ப் பல் போன பிறகுதான், 41 பக்க பாலிசி ஒன்றை பென்சில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். அதன் விமர்சனம்தான் இது.

முதலில் பின்னணி. குன்னூரில் இருந்துகொண்டு பெங்களூர் கம்பெனிக்கு வேலை பார்ப்பவன் நான். ஒவ்வொரு ஏப்ரலிலும் கம்பெனி குரூப் இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது, விருப்பப்பட்டால் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளச் சில இணைப்புத் திட்டங்கள் வரும். அந்த வருஷம் பல்லுக்கு என்று தனியாக மூன்று திட்டங்கள் வந்தன. நம்ம தொழில் புத்தி சும்மா இருக்குமா? எக்ஸெல் திறந்தேன். பிரீமியம் ஒரு பத்தி, ஆண்டு உச்சவரம்பு ஒரு பத்தி, கோ-பே ஒரு பத்தி, நெட்வொர்க் கிளினிக் எண்ணிக்கை ஒரு பத்தி. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண், கடைசியில் கூட்டுத்தொகை. ஜெயித்தது நடுத் திட்டம். அம்மாவுக்கு ஆண்டு பிரீமியம் 3,200 ரூபாய், உச்சவரம்பு 15,000, கோ-பே 20 சதவீதம். இணையத்தில் கிடைக்கிற "சிறந்த பல் காப்பீடு எது" வகைக் கட்டுரைகளும் இதே நான்கு பத்திகளைத்தான் ஒப்பிடுகின்றன. அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

செப்டம்பரில் அம்மாவுக்கு இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் வலி. சூடா டீ குடிச்சா சுரீர்னு இழுக்குது, குடிச்சு முடிச்ச பிறகும் கொஞ்ச நேரம் நிக்குது என்றார். மார்க்கெட் பக்கம் இருக்கிற பல் டாக்டரிடம் போனோம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, சொத்தை நரம்பு வரைக்கும் போயிடுச்சு, வேர் நல்லா இருக்கு, ரூட் கெனால் பண்ணி கேப் போட்டா இன்னும் பல வருஷம் ஓடும்மா என்றார். ரூட் கெனால் 4,500, கேப் 5,500. மொத்தம் 10,000 ரூபாய்.

வீட்டுக்கு வந்து ஆப்பைத் திறந்தேன். பல் பிடுங்குவதற்கு, சொத்தை அடைப்பதற்கு, சுத்தம் செய்வதற்கு முதல் நாளிலிருந்தே பணம் உண்டு. ரூட் கெனாலுக்கு 12 மாதக் காத்திருப்புக் காலம். "பொறும்மா, ஏப்ரல் வந்தா இன்சூரன்ஸ்ல பண்ணிக்கலாம், அதுவரைக்கும் அந்தப் பக்கம் மெல்லாதீங்க" என்று சொன்னது நான்தான். அம்மா, "எதுக்கு தம்பி அவ்வளவு செலவு, புடுங்கிட்டாப் போச்சு" என்றார். நான் பெரிய மனசோடு, வேண்டாம், பல்லைக் காப்பாத்துவோம் என்றேன்.

நவம்பரில் வலி நின்றுவிட்டது. அம்மாவுக்குச் சந்தோஷம், எனக்கு அதைவிட. இந்த இடத்தைத்தான் இன்றைக்கும் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். பல்லுக்குள் இருக்கிற நரம்புத் திசுவுக்கு வீக்கம் வந்தால் விரிய இடம் கிடையாது, சுற்றிலும் கெட்டியான சுவர். அதனால் ரத்த ஓட்டம் தடைபட்டு அது செத்துப்போகும். செத்த நரம்புக்கு வலி தெரியாது. கிருமி மட்டும் வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் மெதுவாக இறங்கிக்கொண்டிருக்கும். குணமாவதும் சாவதும் வெளியே இருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கிற கட்டம் அது. சர்வரிலிருந்து எரர் மெசேஜ் வருவது நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை, லாக் எழுதுகிற சர்வீஸே செத்துப்போயிருக்கலாம் என்பது என் தொழிலில் முதல் வருஷப் பையனுக்குக்கூடத் தெரியும். எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

பிப்ரவரியில் ஒரு காலை கன்னம் வீங்கி எழுந்தார். அஞ்சு நாள் ஆன்டிபயாடிக், பிறகு பல் பிடுங்கல். வேருக்குக் கீழே எலும்பு நிறையக் கரைந்திருந்தது, பல்லும் நடுவில் விரிசல் விட்டிருந்தது. டாக்டர் ஒன்றும் திட்டவில்லை. பிடுங்கின செலவு 700 ரூபாய். கோ-பே போக 560 ரூபாய் என் கணக்குக்கு வந்தது, நாலே நாளில். க்ளெய்ம் செட்டில் ஆன வேகத்துக்கு ஐந்து நட்சத்திரம் கேட்டு ஒரு மெசேஜ் வேறு.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஏப்ரல் வரை தாக்குப்பிடித்து ரூட் கெனால் செய்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? 4,500-ல் 80 சதவீதம், 3,600. கேப்புக்கு ஒன்றும் கிடையாது. அது செயற்கை உறுப்பு என்ற தலைப்பில் விலக்குப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் நரம்பு எடுத்த கடைவாய்ப் பல்லில் ஏற்கெனவே சொத்தை நிறையத் தின்றிருக்கும், அதைத் திறந்து வேலை செய்ததில் இன்னும் கொஞ்சம் போயிருக்கும், மெல்லுகிற அழுத்தத்தில் உடைய வாய்ப்பு அதிகம். அதற்காகத்தான் கேப். ரூட் கெனாலுக்குப் பணம், கேப்புக்கு இல்லை என்பது வீட்டுக்குச் சுவர் எழுப்பக் கடன் தருகிறேன், கூரைக்குத் தரமாட்டேன் என்பது மாதிரி. கையில் காசில்லாதவர் சுவரோடு நிறுத்துவார்.

இன்னொன்று. பாலிசியின் ஆயுள் ஒரு வருஷம். காத்திருப்புக் காலமும் ஒரு வருஷம். அப்படியானால் முதல் வருஷம் கட்டுகிற 3,200 ரூபாயில் ரூட் கெனால் என்கிற பொருளே கிடையாது. இரண்டாம் வருஷமும் கட்டினால்தான் அது கிடைக்கும். 6,400 கட்டி 3,600 வாங்குவதற்காக ஏழு மாதம் அம்மாவைக் காக்க வைக்கப் பார்த்திருக்கிறேன். எக்ஸெல்லில் இந்தப் பத்தி இல்லை.

நியாயமாகப் பேசணும் என்றால், காத்திருப்புக் காலத்துக்கு ஒரு காரணம் உண்டு. பல்வலி வந்த பிறகு திட்டத்தில் சேர்ந்து, வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டால் எந்தத் திட்டமும் நிற்காது. தீப்பிடித்த பிறகு தீ இன்சூரன்ஸ் வாங்குகிற கதை. அதை நான் குறை சொல்லவில்லை. எனக்குப் பிரச்சினை அந்தக் காத்திருப்பில் இருக்கிற சாய்வு. ஒரே பல், ஒரே நோய், ஒரே நாள். அதற்கு இரண்டு வழிகள். ஒன்றுக்கு இன்றே பணம், மற்றதற்கு அடுத்த வருஷம். இரண்டுக்கும் ஒரே காத்திருப்பு வைத்திருந்தால் பாலிசி நடுநிலையானது என்று சொல்லலாம். இப்படி வைத்தால், எந்த சிகிச்சை என்கிற முடிவில் அதுவும் ஒரு ஓட்டுப் போடுகிறது. டாக்டர் ரூட் கெனால் என்கிறார், பாலிசி பிடுங்கு என்கிறது, அம்மா பாலிசியின் பக்கம். நான் மட்டும் மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்தேன், காத்திருப்பது. அதுதான் இருந்ததிலேயே மோசமான வழி.

இந்தச் சாய்வு நம்ம ஊர்ச் சரக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் அரசே அதைச் செய்திருக்கிறது. 2006 ஏப்ரலில் அங்கே பல் டாக்டர்களுக்கான ஒப்பந்தத்தை மாற்றினார்கள். சிகிச்சைகளை மூன்று படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் இத்தனை புள்ளி என்று வைத்தார்கள். இரண்டாம் படிக்கு 3 புள்ளி. அந்தப் படிக்குள் சொத்தை அடைப்பதும் உண்டு, பிடுங்குவதும் உண்டு, ரூட் கெனாலும் உண்டு. இருபது நிமிஷத்தில் பிடுங்கினாலும் 3 புள்ளி, இரண்டு மூன்று தடவை வரவழைத்துக் கடைவாய்ப் பல்லின் நாலு வேர்க்குழாயையும் சுத்தம் செய்தாலும் அதே 3 புள்ளி. இரண்டு வருஷம் கழித்து, 2008-ல், பாராளுமன்றத்தின் சுகாதாரக் குழு விசாரித்தபோது ரூட் கெனால் எண்ணிக்கை பெருமளவு சரிந்திருந்தது. அங்கே டாக்டர்கள் கெட்டவர்களாகிவிடவில்லை. புள்ளிக் கணக்கு அப்படி. 2022-ல்தான் கடைவாய்ப் பல் ரூட் கெனாலுக்கு 7 புள்ளி என்று உயர்த்தினார்கள். பதினாறு வருஷம். என் பாலிசியில் சாய்வு நோயாளியின் பர்ஸ் வழியாக வந்தது, அங்கே டாக்டரின் பர்ஸ் வழியாக. பல்லுக்கு நேர்ந்தது ஒன்றுதான்.

சரி, தனியாகப் பல் திட்டம் வேண்டாம், சாதாரண ஹெல்த் இன்சூரன்ஸில் பல் வராதா? பலரும் கேட்கிற கேள்வி. இதற்கும் ஒரு ஆவணத்தைப் படித்தேன். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020 ஏப்ரலில் எல்லா கம்பெனிகளையும் ஒரே வாசகத்தில் விற்க வைத்த ஆரோக்ய சஞ்சீவனி பாலிசி. அதில் பல் சிகிச்சை வெளிப்படையாகவே உண்டு, நோயாலோ காயத்தாலோ தேவைப்பட்டால் என்று. படித்தவுடனே, அடடா, சொத்தையும் நோய்தானே என்று தோன்றும். ஆனால் அந்த வரி எந்தத் தலைப்பின் கீழே இருக்கிறது என்று பார்க்கணும். மருத்துவமனையில் அனுமதிக்கப்படும்போது ஆகும் செலவுகள் என்ற தலைப்பு. குறைந்தது 24 மணிநேரம் படுக்கணும், அல்லது டே-கேர் சிகிச்சையாக இருக்கணும். டே-கேர் என்பதற்கான வரையறையைத் தேடிப் போனால், வழக்கமாகப் புறநோயாளியாகச் செய்துகொள்ளும் சிகிச்சை இதில் சேராது என்று கடைசியில் ஒரு வாக்கியம். மருத்துவமனை என்றால் என்ன என்று தேடினால், மருத்துவமனையாக முறைப்படிப் பதிவானதாக இருக்கணும். இல்லையென்றால், பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊரில் குறைந்தது 10 படுக்கை, 24 மணிநேரமும் நர்ஸ், ஆபரேஷன் தியேட்டர். குன்னூரில் நாம் போகிற பல் கிளினிக்கில் ஒரு நாற்காலி இருக்கும், சாய்த்தால் படுக்கை மாதிரி ஆகும். அவ்வளவுதான்.

புரோகிராமில் இப்படி எழுதினால் கோட் ரிவ்யூவில் கேள்வி வரும். மேலே அனுமதி கொடுத்துவிட்டு, கீழே மூன்று அடுக்கு நிபந்தனை வைத்து, எந்த இன்புட்டும் கடைசி வரிக்குப் போய்ச் சேராதபடி செய்வது. முழுக்கப் பொய் என்றும் சொல்ல முடியாது. விபத்தில் தாடை உடைந்து ஆஸ்பத்திரியில் படுத்தால் பணம் வரும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் தாடை, முகம் சார்ந்த அறுவை சிகிச்சைகள் உண்டு. வராதது, நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு வருகிற சாதாரணப் பல் கோளாறு.

இதில் என்னை உண்மையிலேயே கலங்க வைத்த விஷயம் வேறு. அம்மா வெற்றிலை போடுவார், முன்பெல்லாம் புகையிலையோடு. எஸ்டேட்டில் இலை பறித்தவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் பழக்கம் உண்டு, குளிருக்கும் பசிக்கும். கொட்டைப்பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் வகைப்படுத்தியாகிவிட்டது. வாயில் புற்றுநோய் வந்தால் நம்ம ஹெல்த் பாலிசி லட்சக்கணக்கில் கொடுக்கும். அதற்கு முந்தின கட்டத்தில், கன்னத்தின் உள்பக்கம் ஒரு வெள்ளைத் திட்டாக இருக்கும்போதே டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்லக்கூடியவர் பல் டாக்டர். அந்த 200 ரூபாய் கன்சல்டேஷனுக்கு ஹெல்த் பாலிசியில் இடமில்லை. பல் திட்டத்தில் வருஷத்துக்கு இரண்டு இலவசப் பரிசோதனை இருந்தது. ஆனால் நெட்வொர்க் கிளினிக்கில் மட்டும்.

நெட்வொர்க் என்றதும் மலைக்கு வருவோம். திட்டத்தில் நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் கிளினிக் என்று போட்டிருந்தது, நானும் அந்தப் பத்திக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன். சேர்ந்த பிறகு 643101 என்று பின்கோடு போட்டுத் தேடினால், முதலில் வந்தது கோயம்புத்தூர். ஊட்டி இல்லை, கோத்தகிரி இல்லை, கூடலூர் இல்லை. எழுபது கிலோமீட்டர். பர்லியாறு வழியாகக் கொண்டை ஊசி வளைவு அத்தனையும் இறங்கி, மேட்டுப்பாளையம் தாண்டி, அம்மாவுக்கு இரண்டு தடவை வாந்தி. மழைக்காலத்தில் ரோட்டில் மரம் விழுந்தால் அதுவும் இல்லை. வாடகைக் கார் எடுத்தால் ஒரு நாளில் 3,500 ரூபாய்க்குக் குறையாது. 'இலவச' ஸ்கேலிங்குக்காக அது. உள்ளூர் டாக்டரிடம் பார்த்துவிட்டு பில் போட்டு வாங்கலாம்தான். ஆனால் அது சிகிச்சைக்கு மட்டும், பரிசோதனைக்கு இல்லை. ரீஇம்பர்ஸ்மென்ட் படிவத்தில் ஜிஎஸ்டி எண் உள்ள பில் கேட்டார்கள். மருத்துவச் சேவைக்கு ஜிஎஸ்டியே கிடையாது என்று நான் திரும்ப எழுத வேண்டியிருந்தது. எங்க டாக்டர் ரசீதுப் புத்தகத்தில் கார்பன் வைத்துக் கையால் எழுதுபவர்.

ஆகவே சமவெளியில் இருக்கிறவருக்கு விற்கிற அதே திட்டம், அதே பிரீமியத்தில், மலையில் வேறு பொருளாகிவிடுகிறது. பரிசோதனையும் சுத்தம் செய்வதும் தூரத்தில். பிடுங்குவது மட்டும் பக்கத்தில், உடனே, பில் போட்டால் பணம். மறுபடியும் அதே சாய்வு.

பிடுங்குவது இந்த மலைக்குப் புதுசு இல்லை. 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம், பிரிவு 10, தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவ வசதி செய்து தருவது தோட்ட நிர்வாகத்தின் கடமை என்று சொன்னது. செய்யாவிட்டால் அரசின் தலைமை ஆய்வாளரே ஏற்பாடு செய்து செலவை நிர்வாகத்திடம் வசூலிக்கலாம் என்றும் சொன்னது. நல்ல சட்டம். அம்மா வேலை பார்த்த தோட்டத்தில் டிஸ்பென்சரி இருந்தது, கம்பவுண்டர் இருந்தார். பல்வலி என்று போனால் கிராம்புத் தைலம் தொட்டு வைப்பார், மாத்திரை கொடுப்பார். அதற்கும் அடங்காவிட்டால் ஆடுகிற பல்லாக இருந்தால் அவரே எடுத்துவிடுவாராம், இல்லாவிட்டால் டவுனுக்குச் சீட்டு. அரை நாள் கூலி போகும் என்பதால் பலர் டவுனுக்குப் போகவே மாட்டார்கள். அம்மாவின் தலைமுறைக்குப் பல் மருத்துவம் என்றாலே பிடுங்குவது. "புடுங்கிட்டாப் போச்சு" என்று அவர் சொன்னது அறியாமை என்று அன்றைக்கு நினைத்தேன். முப்பது வருஷம் அவருக்குக் கிடைத்த ஒரே சிகிச்சையின் பெயர் அது.

இதற்கு எதிர்ப்பக்கம் எங்கள் தெருவிலேயே இருக்கிறது. பக்கத்து வீட்டுத் தாத்தா மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்து ஓய்வு பெற்றவர். 2003-ல் தொடங்கிய முன்னாள் படைவீரர் பங்களிப்பு சுகாதாரத் திட்டத்தின் பாலிகிளினிக்கில் பல் மருத்துவர் என்பது தனிப் பணியிடம். தாத்தா வெலிங்டனுக்கு மருந்து வாங்கப் போகிற நாளில் பல்லையும் காட்டிவிட்டு வருவார். எண்பதை நெருங்குகிறார், கரும்பு கடிப்பேன் என்று சவால் விடுகிறார். அங்கேயும் மருந்து இல்லை, க்யூ நீளம் என்று புலம்பல் உண்டு, சொர்க்கம் ஒன்றும் இல்லை. ஆனால் வலி வந்தால் எந்த சிகிச்சைக்கு எத்தனை மாதம் ஆகியிருக்கணும் என்று அவர் யோசிப்பதில்லை. நடந்து போகிற தூரத்தில் ஒரு நாற்காலி இருக்கிறது, போகிறார்.

பணத் தடையை எடுத்தால் மக்கள் பல்லுக்குப் போவார்களா, அல்லது பயத்தில் போகாமலே இருப்பார்களா என்று ஒரு பழைய விவாதம் உண்டு. அமெரிக்காவில் ராண்ட் நிறுவனம் 1970-களில் தொடங்கி நடத்திய பெரிய காப்பீட்டுப் பரிசோதனையில் பல்லையும் சேர்த்திருந்தார்கள். குடும்பங்களைக் குலுக்கல் முறையில் வெவ்வேறு திட்டங்களில் போட்டார்கள். சிலருக்கு எல்லாம் இலவசம், சிலர் பெரும்பகுதியைத் தாங்களே கட்டணும். இலவசக் குழுவினர் பல் மருத்துவரிடம் கணிசமாக அதிகம் போனார்கள். அதில் எனக்குப் பிடித்த விவரம், முதல் வருஷத்தில் ஒரு பெரிய எழுச்சி, அதற்குப் பிறகு தணிந்துவிட்டது. வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டு வைத்திருந்ததையெல்லாம் முதல் வருஷம் வந்து முடித்துக்கொண்டார்கள். காத்திருப்புக் காலம் என்கிற நிபந்தனை எந்த இடத்தில் அடிக்கிறது என்று இதிலிருந்து புரிகிறது. தேவை அதிகமாகக் குவிந்திருக்கிற முதல் வருஷத்தில்தான் கதவு மூடியிருக்கிறது.

பல் காப்பீடு பிறந்ததும் தொழிலாளர்களிடம்தான். 1954-ல் அமெரிக்காவின் மேற்குக் கரையில் துறைமுகத் தொழிலாளர் சங்கம், முதலாளிகளோடு சேர்ந்து நடத்திய நல நிதியிலிருந்து தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குப் பல் சிகிச்சை கேட்டது. அதை நடத்துவதற்காக அந்த மாநிலங்களின் பல் மருத்துவர்கள் அமைத்த சேவை நிறுவனங்கள்தான் பின்னால் பெரிய பல் காப்பீட்டு நிறுவனங்களாக வளர்ந்தன. பிள்ளைகளில் தொடங்கியது புத்திசாலித்தனம், சொத்தை சின்னதாக இருக்கும்போதே பிடிக்கலாம். இப்போதைய அமெரிக்கத் திட்டங்களில் ஆண்டு உச்சவரம்பு 1,000, 1,500 டாலர் என்ற அளவிலேயே பல பத்தாண்டுகளாகத் தேங்கி நிற்பது தனிக் கதை. நம்ம ஊர்த் திட்டங்கள் சங்கத்தை விட்டுவிட்டு உச்சவரம்பை மட்டும் இறக்குமதி செய்திருக்கின்றன.

நம் மாவட்டத்திலேயே வேறு மாதிரி ஒன்று நடந்திருக்கிறது, பல்லுக்கு இல்லை, ஆஸ்பத்திரிக்கு. கூடலூரில் பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர் போன்ற பழங்குடிகளுக்காக அக்கார்ட் அமைப்பும் ஆதிவாசி முன்னேற்ற சங்கமும் வேலை செய்துவந்த இடத்தில், 1990-ல் அஷ்வினி என்ற அமைப்பு ஒரு ஆதிவாசி மருத்துவமனையைத் தொடங்கியது. இரண்டு வருஷம் கழித்து, 1992-ல், அந்த மக்களுக்கான காப்பீடு வந்தது. ஆளுக்கு மிகச் சின்னத் தொகை பிரீமியம். அதைப் பற்றிப் பின்னால் 2010-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், காப்பீடு இருந்தவர்கள் இல்லாதவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் மருத்துவமனை சிகிச்சை பெற்றார்கள் என்று வந்தது. ஏழைகள் காப்பீடு வாங்கினாலும் பயன்படுத்த மாட்டார்கள் என்று பேசுகிறவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன். வரிசையைக் கவனியுங்கள். முதலில் ஊரில் ஆஸ்பத்திரி, பிறகு அதற்கு இன்சூரன்ஸ். என் பல் திட்டத்தில் இன்சூரன்ஸ் மட்டும் மலையேறி வந்தது, நாற்காலி கோயம்புத்தூரிலேயே இருந்துவிட்டது.

அடுத்த ஏப்ரலில் நான் அந்தத் திட்டத்தைப் புதுப்பிக்கவில்லை. 3,200 ரூபாயைத் தனியாக ஒரு கணக்கில் போட்டு, வருஷத்துக்கு இரண்டு தடவை அம்மாவை மார்க்கெட் டாக்டரிடமே கூட்டிப்போகிறேன். இதை எல்லாருக்கும் சிபாரிசாகச் சொல்ல முடியாது. அவசரத்துக்குப் பத்தாயிரம் புரட்ட முடிகிறவன் பேசுகிற பேச்சு இது. தினக்கூலியில் இலை பறிக்கிற குடும்பத்துக்கு, அந்தப் பத்தாயிரத்தை யாராவது பகிர்ந்துகொள்ளத்தான் வேணும், அதற்குக் காப்பீடு மாதிரி ஒன்று வேணும். எது மாதிரி என்பதுதான் கேள்வி. கம்பெனி திட்டத்தில் சேரப்போகிறவர்கள் என்னிடம் கேட்டால், உச்சவரம்பைப் பார்க்காதீங்க என்பேன். 15,000 என்று போட்டிருக்கும், அதில் நீங்கள் எட்டக்கூடியது எவ்வளவு என்று பாருங்க. பிடுங்குவதற்கும் காப்பாற்றுவதற்கும் காத்திருப்பு ஒன்றா, கேப் உள்ளேயா வெளியேயா, உங்க பின்கோடு போட்டால் என்ன வருகிறது. சேர்வதற்கு முன்னாலேயே போட்டுப் பார்க்கணும், நான் பின்னால்தான் போட்டேன். எப்படியும் சேர்ந்துவிட்டீர்கள், வலியும் வந்துவிட்டது என்றால், பாலிசியின் காலண்டரை மூடி வைத்துவிட்டு டாக்டர் சொன்ன தேதிக்குப் போங்கள்.

நம்ம எச்ஆருக்கு இந்தச் சாய்வைப் பற்றி ஒரு நீண்ட மெயில் எழுதினேன், அட்டவணையோடு. காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டுச் சொல்வதாகப் பதில் வந்தது. பிறகு, பாலிசி விதிமுறைகளின்படியே செய்யப்பட்டுள்ளது என்று ஒரு வரி. அதை நானும் மறுக்கவில்லை.

அம்மா இப்போது வலது பக்கம்தான் மெல்கிறார். பல் போன இடத்துக்கு நேர் மேலே இருக்கிற பல், எதிரே முட்டுக் கொடுக்க ஆள் இல்லாததால், கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்க ஆரம்பித்திருக்கிறது என்று போன தடவை டாக்டர் கண்ணாடி வைத்துக் காட்டினார். அந்த இடைவெளியில் பிரிட்ஜ் கட்டலாமா, கழற்றி மாட்டுகிற பல் போதுமா என்று பார்க்கணும். "எதுக்கு தம்பி, எனக்கு இது போதும்" என்கிறார். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.